யானையும் மாடுதான்

எங்கள் அடுக்கக நோட்டீஸ் போர்டில் போன மாதம் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ‘வளாகத்துக்குள் கோழி, ஆடு, மாடு முதலான கால்நடைகளை வளர்ப்பது சட்டப்படி குற்றம். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழே செயலாளர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

மொத்தம் 48 வீடுகள். ஆடு, மாடு யாரிடமும் கிடையாது. கோழி உண்டு. எண்ணிக்கை இரண்டு. இரண்டுமே தரைத்தளத்துப் பின்வீட்டு ஆச்சியுடையவை. ஆக, காகிதம் ஊருக்குப் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் விலாசம் ஒன்றுதான்.

ஆச்சிக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். மகனோடு இருக்க வந்து நான்கு வருடமாகிறது. துணி காயப்போடும் இடத்துக்குப் பின்னால், கெட்டுப்போன ஏர்கூலரின் கூட்டைக் கவிழ்த்து அதில் கோழிகளை வைத்திருக்கிறார். பெட்டைகள்தான். சேவல் இல்லாததால் விடிகாலையில் கூவி எழுப்புகிற பிரச்னை கிடையாது. முட்டை போட்டால் மட்டும் ஐந்து நிமிடம் கொக்கரித்து அறிவிக்கும். ஆனால் மழை பெய்தால் அந்தப் பக்கம் ஒரு நாற்றம் வருகிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

நோட்டீஸைப் பார்த்த அன்று சாயங்காலமே ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க பத்திரிகைல எழுதுதீங்கள்லா. சட்டத்துல எங்கன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. போட்டிருந்தா ரெண்டையும் அடிச்சுக் குழம்பு வச்சிருதேன். போடலேன்னா அந்தக் காகிதத்தைக் கிழிக்கச் சொல்லுங்க.”

நியாயமான பேச்சு. இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் புத்தகமோ சினிமாவோதான் என்னிடம் மாட்டும். இந்த வாரம் சட்டங்களை வாசித்தேன். ஊருக்குள் ஆடு, மாடு, கோழி வளர்ப்பதைப் பற்றி நம்மை ஆண்டவர்களும் ஆள்பவர்களும் எழுதிவைத்திருப்பவை. அவற்றையும் ஒரு புத்தகம்போலப் படிக்கலாம். கதாபாத்திரங்கள் உண்டு, வில்லன் உண்டு, நடையில் ஏற்ற இறக்கம் உண்டு. ஆசிரியர் பெயர் மட்டும் இருக்காது.

முதலில் கிடைத்தது 1871-ஆம் வருடக் கால்நடை அத்துமீறல் சட்டம். பயிரில் மேய்கிற மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார்களே, அதற்கான சட்டம். ‘பட்டியில் அடைக்கிறது’ என்று எங்கள் ஊரில் சொல்வோம். சும்மா சொல்லக் கூடாது, எழுதிய வெள்ளைக்காரன் தன் வேலையைத் தெரிந்தவன். கால்நடை என்றால் என்ன என்று முதலிலேயே விளக்கிவிடுகிறான். மாடு, எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்பது யானை! அடுத்தது ஒட்டகம். சட்டப்படி யானையும் மாடுதான்.

பிடிபட்டால் எவ்வளவு? அதற்கும் பட்டியல். யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரை, காளை, பசுவுக்கு 4 அணா. கன்றுக்குட்டி, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு ஓரணா. யானையை எந்தப் பட்டியில், எந்தக் கதவைப் போட்டு அடைப்பது என்பதைப் பட்டிக்காரரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டார்கள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவர் அதை 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பியாக வேண்டும். தன் கொட்டிலில் கட்டிவைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. பட்டிக்காரர் மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள் என்று மாட்டுக்காரர் நினைத்தால் 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். நியாயம் அவர் பக்கம் இருந்தால் 100 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. 1871-ல் 100 ரூபாய்! 50 யானைகளின் அபராதம்.

பயிர்க்காரன், பட்டிக்காரன், மாட்டுக்காரன் மூன்று பேருக்கும் இதில் வசனம் இருக்கிறது. மாட்டுக்குக்கூட ஒரு வாய் தண்ணீர் இருக்கிறது. ஆண்டவன் அந்நியன், வசூல் நோக்கம் இருந்திருக்கும், அதெல்லாம் சரி. ஆனால் ஒரு கிராமத்துச் சண்டையைக் கிட்டே இருந்து பார்த்தவன் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது.

இரண்டு குறை. கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று பட்டணங்களையும் இது தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. பட்டணத்தில் பயிர் ஏது என்று நினைத்திருக்கலாம். அடுத்து, கோழி பட்டியலிலேயே இல்லை. யானை மாடு, பன்றி மாடு, கோழி மட்டும் மாடு இல்லை. தமிழில் ‘கால்நடை’ என்பதைப் பிரித்துப் பார்த்தால் காலால் நடப்பது. கோழியும் காலால்தான் நடக்கிறது. எங்கள் செகரெட்டரிகூடத் தினம் காலையில் எட்டு ரவுண்டு நடக்கிறார்.

பட்டணத்துக்கு என்று எழுதியதைத் தேடினால் 1919-ஆம் வருடச் சென்னை மாநகராட்சிச் சட்டம். இங்கே நடை மாறிவிடுகிறது. பிராணி வளர்ப்பது பற்றி அதில் மூன்று தடைகள். அனுமதியில்லாமல் பன்றி வளர்க்கக் கூடாது. அடுத்தவருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ எந்தப் பிராணியையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பாலுக்கும் கறிக்குமான பிராணிகளை அசுத்தத்தில் மேயவிடக் கூடாது.

மூன்றாவதைப் பாருங்கள். குப்பைத் தொட்டியில் வாய் வைக்கிற மாட்டைச் சென்னையில் பார்க்காதவர்கள் உண்டா? போஸ்டரைக் கிழித்துத் தின்னும், பாலிதீன் பையோடு எச்சில் சோற்றை விழுங்கும். அது மாட்டுக்காரரின் குற்றம் என்று நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள். குப்பை யாருடைய குற்றம் என்று அதே வரியில் எழுதவில்லை.

இரண்டாவதில்தான் எங்கள் ஆச்சி மாட்டுகிறார். ‘தொல்லை.’ ஆங்கிலத்தில் ‘நியூசென்ஸ்’. இந்த ஒரு வார்த்தைதான் நம் சட்டங்களில் கோழி, ஆடு, மாடு விவகாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. எத்தனை கோழி இருந்தால் தொல்லை? பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருந்தால் தொல்லை இல்லை? எச்சத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை அள்ள வேண்டும்? அந்த வரியில் பதில் இல்லை. தொல்லை என்பது புகார் கொடுப்பவரின் மூக்கில் இருக்கிறது. மூக்குக்கு மூக்கு வித்தியாசப்படும். வஞ்சிர மீன் வறுக்கும் வாசனை எனக்குச் சொர்க்கம். மேல்வீட்டுக்காரர் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

குற்றவியல் சட்டத்தையும் விடவில்லை. பிராணியை அஜாக்கிரதையாக வைத்திருந்து மனித உயிருக்கு ஆபத்து வரவிட்டால் தண்டனை என்று 1860-ஆம் வருட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு சொன்னது. ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆவலோடு புரட்டினேன். 291-ஆம் பிரிவு. விஷயம் அதேதான், அபராதம் மட்டும் 5,000. பதிப்பகங்கள் பழைய நாவலுக்குப் புது அட்டை போட்டு விலையை ஏற்றுவது ஞாபகம் வந்தது.

தமிழ்நாட்டில் 1997-ல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் கட்டுப்பாடு, ஒழுங்குமுறைச் சட்டம். தலைப்பிலேயே ‘பறவைகள்’ வந்துவிட்டதே என்று ஆச்சி சார்பில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தலைப்பில் இருக்கிற மற்ற வார்த்தைகளைக் கவனித்தேன். கட்டுப்பாடு இருக்கிறது, ஒழுங்குமுறை இருக்கிறது. ‘வளர்ப்பு’ இல்லை. உரிமம் வாங்கு என்பதுதான் அதன் சாரம். அடுத்தது 1998-ல் இயற்றி, 2023-ல்தான் முழுசாக அமலுக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். 1919-ஆம் வருடத்தது அதோடு விடைபெற்றது. கால் நூற்றாண்டு அலமாரியில் காத்திருந்த சட்டம் அது. அதற்குள் ஒரு தலைமுறைக் கன்றுக்குட்டிகள் கிழப்பசுவாகி அடிமாட்டுக்கே போயிருக்கும்.

ஆனால் என்னை நிஜமாகவே உட்காரவைத்தது இது எதுவும் இல்லை. அரசியல் சட்டத்தின் கடைசிப் பக்கங்கள்.

1992-ல் செய்த 73, 74-ஆவது திருத்தங்கள் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் என்னென்ன வேலை தரலாம் என்று இரண்டு அட்டவணை போட்டன. கிராமத்துக்குப் பதினொன்றாவது அட்டவணை, 29 இனங்கள். நகரத்துக்குப் பன்னிரண்டாவது, 18 இனங்கள். கிராமத்து அட்டவணையில் நாலாவது இனம், கால்நடை வளர்ப்பு, பால்பண்ணை, கோழி வளர்ப்பு. நகரத்து அட்டவணையில் பிராணி எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேடினேன். பதினைந்தாவது இனம். கால்நடைப் பட்டிகள், பிராணி வதைத் தடுப்பு. அடுத்து பதினெட்டாவது, இறைச்சிக் கூடங்களும் தோல் பதனிடும் இடங்களும்.

அதாவது ஒரே பசு கிராமத்தில் இருந்தால் பிழைப்பு. நகரத்தில் இருந்தால் ஒன்று கைதி, இல்லாவிட்டால் கறி, தோல்.

பசு இடம் மாறினால்தானே இந்தப் பிரச்னை என்று கேட்பீர்கள். பசு நின்ற இடத்திலேயே நிற்கும். கோடுதான் நகரும். 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. அவற்றில் 25 கிராம ஊராட்சிகள். செம்மஞ்சேரி, முகலிவாக்கம், மடிப்பாக்கம் எல்லாம் அப்படி வந்தவைதான். முந்தின நாள் ராத்திரி பதினொன்றாவது அட்டவணையில் படுத்து அசைபோட்ட மாடு, மறுநாள் காலையில் பன்னிரண்டாவது அட்டவணையில் எழுந்து நின்றது. அதனிடம் யாரும் சொல்லவில்லை. அதை வளர்த்தவர்களிடமும் இதை இந்தக் கோணத்தில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. அதற்கு முந்தின மாதம், 2011 செப்டம்பரில்தான், ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடும் கறவை மாடும் தரும் திட்டத்தை அதே அரசு தொடங்கியது. ஏழு லட்சம் குடும்பங்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு, ஐந்து வருடத்தில் 60,000 மாடு என்று இலக்கு. கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். நல்ல திட்டம்தான். ஆடு கிடைத்த வீடுகளில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டை அரசே வாங்கித் தருகிறது. இந்தப் பக்கம் ஆட்டைப் பிடிக்க வண்டி அனுப்புகிறது. நடுவே ஒரு சாலைதான் இருக்கும்.

எங்கள் பகுதியும் முன்பு ஊராட்சியாக இருந்ததுதான். வீடு வாங்கிய புதிதில் எதிரே காலி மனைகள், தள்ளி ஒரு ஏரிக்கரை. பால்கார அம்மா மூன்று மாடு வைத்திருந்தார். காலையில் கறந்துவிட்டு மாடுகளை ஏரிப்பக்கம் ஓட்டிவிடுவார். சாயங்காலம் அவை தாமாகவே வந்துவிடும். பிறகு மனைகளில் வீடு வந்தது. ஏரிக்கரைக்கு வேலி வந்தது. மாடு போவதற்கு ரோட்டைத் தவிர வேறு இடமில்லை என்று ஆனது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற பயத்திலேயே இரண்டை விற்றுவிட்டார். மிச்சமிருந்த ஒன்றை வீட்டு வாசலில் ஒன்றரை முழக் கயிற்றில் கட்டினார். வைக்கோல் விலைக்கு இது கட்டாது என்று அதுவும் போயிற்று. இப்போது எங்கள் பிளாக்கிலேயே நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பால், எல்லோரையும்போல, பாக்கெட் வாங்குகிறார்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். ‘பாவம் மாடு, பாவம் மாட்டுக்காரர்’ என்று மட்டும் எழுதினால் நான் அயோக்கியன்.

2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி முடிந்து அம்மாவோடு நடந்து வந்த சிறுமியை மாடு முட்டி மிதித்த காட்சியை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்துத் திருவல்லிக்கேணியில் ஒரு முதியவரை மாடு முட்டித் தள்ளியது. அவர் இறந்தே போனார். தெருவில் நடப்பவரின் உயிரைவிட மாட்டுக்காரரின் வசதி பெரிது இல்லை. ராத்திரி மெயின் ரோட்டில் படுத்திருக்கும் மாட்டின் மேல் பைக்கை ஏற்றி விழுந்தவர்களைக் கேட்டால் இன்னும் கடுமையாகவே சொல்வார்கள். மூன்று வேளை தீனி போட முடியாதவர் பால் நேரத்துக்கு மட்டும் மாட்டைத் தேடிவந்து கறந்துவிட்டுத் திரும்பவும் தெருவில் விடுவது வளர்ப்பு இல்லை. தெருவைத் தன் தொழுவமாக்கிக்கொள்வது.

அதனால் சென்னையில் அபராதத்தை ஏற்றினார்கள். 2023-ல் 5,000 ஆனது. 2024-ல் மாநகராட்சி மன்றம் முதல் தடவைக்கு 10,000, அடுத்த தடவைக்கு 15,000 என்று தீர்மானம் போட்டது. ஏற்றியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் விமர்சனம் வரிசையைப் பற்றி. மாடு எங்கே நிற்கக் கூடாது என்பது முதலில் வந்தது. எங்கே நிற்கலாம் என்பது, அதாவது மாநகராட்சியே கொட்டகை கட்டித்தரும் யோசனை, அதற்கப்புறம்தான் வந்தது. இடைவேளைக்குப் பிறகு வர வேண்டிய காட்சியை முதல் ரீலில் ஓட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு மாட்டோடு பழக்கம் இல்லாமல் இல்லை. மந்தைவெளி என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, மந்தை எங்கே, வெளி எங்கே? மதுரையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறோம். சிங்கப்பூரில்கூட, நம்மவர்கள் நிறைந்த தேக்கா பக்கத்துக்குப் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம். அங்கே பிறந்து வளர்ந்த பெரிய பிரசவ ஆஸ்பத்திரி இன்றைக்கும் கே.கே. என்று அந்த எருமையின் இனிஷியலைத்தான் போட்டுக்கொள்கிறது.

சிங்கப்பூர் என்றதும் கோழிக்குத் திரும்பலாம். அங்கே விதி எண்ணிச் சொல்கிறது. வியாபாரத்துக்கு இல்லாமல் வீட்டுக்கென்று வளர்த்தால் 10 கோழி வரை, வெளிப்பறவை நுழையாதபடி வலையடித்த கூண்டில். அரசு அடுக்குமாடி வீடுகளில் கூடாது. நியூயார்க்கில் பெட்டைக்கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. வாத்தும் வான்கோழியும்கூடக் கூடாது. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல் கொல்லையில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்தால் எந்தெந்த வீட்டில் கோழி இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். நம் நாட்டில் 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதல் தடவை அந்த நோய் வந்தபோது கோழிகளைத் தேடி அதிகாரிகள் வீடு வீடாக அலைந்தது நினைவிருக்கலாம்.

வெளிநாடு என்றால் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2017 தொடக்கத்தில் சிங்கப்பூரின் சின் மிங் பகுதியில் சுதந்திரமாகத் திரிந்த 24 கோழிகளை, சத்தம் தாங்கவில்லை என்று 20 புகார் வந்ததற்காகப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். ஊரே திட்டித் தீர்த்தது. எண்ணத் தெரிந்த அரசுக்கும் எல்லாம் தெரிந்துவிடாது.

பிரான்ஸில் நடந்தது இன்னும் ருசி. ஓலெரோன் தீவில் மொரீஸ் என்று ஒரு சேவல். விடிகாலையில் கூவுகிறது என்று, விடுமுறைக்கு வந்து தங்குகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதோடு விடவில்லை. கிராமத்தின் சத்தங்களும் வாசனைகளும் அந்த மண்ணின் சொத்து என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ‘தொல்லை’ என்கிற வார்த்தைக்கு எதிரே இன்னொரு வார்த்தையை வைக்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம் சோழர்களின் உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர். ஒரு கோழி யானையை எதிர்த்து விரட்டிய இடம் என்று கதை. அந்த உறையூர் இன்றைக்குத் திருச்சி மாநகராட்சிக்குள் இருக்கிறது. அந்தக் கோழி இப்போது அங்கே வந்தால் உரிமம் கேட்பார்கள்.

எனக்கு வேண்டியது பெரிய காரியம் இல்லை. இத்தனை சதுர அடிக்கு இத்தனை கோழி. சேவல் உண்டா, இல்லையா. ஜன்னலிலிருந்து இத்தனை அடி. எச்சம் வாரத்தில் இத்தனை நாள் அள்ள வேண்டும். மாட்டுக்கு நிற்க இடம், மேய இடம், இல்லாவிட்டால் வேறு பிழைப்புக்கு வழி. ஒரு ஊராட்சியை நகரத்தோடு சேர்க்கும்போது அங்கே இருக்கிற ஆடு மாட்டையும் எண்ணி, அவற்றுக்கு இத்தனை வருடம் அவகாசம் என்று ஒரு வரி. 1871-ல் ஓரணா வரைக்கும் பிரித்து எழுதத் தெரிந்திருந்தது. நமக்கு ‘தொல்லை’ என்று ஒற்றை வார்த்தை போதுமென்று ஆகிவிட்டது. கணக்குச் சொல்லாத விதியில் எப்போதும் ஜெயிப்பது யார் தெரியுமா? உரக்கப் பேசுகிறவர். எங்கள் அசோஸியேஷன் கூட்டத்தில் அதைத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் வாசித்ததையெல்லாம் சொன்னேன். “கோழி வளர்ப்பது குற்றம் என்று மொட்டையாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை சார். தொல்லை கூடாது, உரிமம் வேண்டும், இவ்வளவுதான்.”

செகரெட்டரி ரிட்டயரான பேங்க் ஆபீஸர். “தொல்லைன்னு நான் சொல்றேனே, போதாதா?” என்றார்.

“நாலாவது மாடி நாய் ராத்திரி பூரா குலைக்குதே, அது?” என்று ஒருவர்.

“நாயைத் தடுக்க முடியாது. 2015-லேயே விலங்குகள் நல வாரியம் சர்க்குலர் விட்டாச்சு. சங்கம் மெஜாரிட்டியில் தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணியைத் தடை பண்ணக் கூடாது.” செகரெட்டரி வீட்டிலும் ஒரு நாய் உண்டு. சர்க்குலரை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

“கோழி செல்லப்பிராணி இல்லையா?” என்று கேட்டேன்.

“முட்டை போடுதே சார்!”

சிரித்தார்கள். ஆனால் யோசித்தால், மேலே சொன்ன அத்தனை சட்டங்களின் மனசும் இந்த ஒரு வரிதான். சும்மா இருந்தால் செல்லம். ஏதாவது பயன் தந்தால் கால்நடை. நாய்க்கு வாங்கும் பிஸ்கட்டில் இரண்டு கோழிக்குத் தீனி போடலாம் என்று ஆச்சியின் மகன் மெதுவாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இரண்டு பெட்டைக் கோழி, சேவல் கூடாது, தினம் கழுவ வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு ஏழு பேர் கை தூக்கினார்கள். எதிராக முப்பத்தோரு பேர். அதில் ஆறு பேராவது ஆச்சியிடம் முட்டை வாங்கிச் சாப்பிட்டவர்கள். பெயர் எழுதினால் சண்டைக்கு வருவார்கள்.

ஆச்சியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். “அப்பம் சட்டத்துல இல்ல, ஆனா கூடாது. அப்படித்தானே?” என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் விமர்சனம் எழுத முடியாது.

குழம்பு வைக்கவில்லை. பேசிப் பேசி வளர்த்ததை எப்படி அடிப்பது என்றார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகள் வீடு இருக்கிறது. அடுத்த வாரம் பேரன் காரில் போகிறான், அவனோடு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இன்னொரு செய்தியைச் சொன்னேன். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று பல ஊர்களில் மறியல் செய்தார்கள். ஆடு மாடு பற்றி யாரும் கோஷம் போட்டதாக ஞாபகமில்லை.

ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். கோழி அனுப்புவதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏட்டி, உங்க ஊரு இன்னும் பஞ்சாயத்துதானே?”